அல்போன்சுக்கு நான் வைத்த பெயர்

என் தம்பி அல்போன்ஸ் சோம்பேறி இல்லை. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவன் சோம்பேறி என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தவளே நான்தான். சும்மாவும் சொல்லவில்லை. கிரேக்க நாட்டிலிருந்து ஒரு பெயரை இழுத்து வந்து அவன் தலையில் கட்டினேன். இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறேன் என்ற திமிர், வேறென்ன!

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டியிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. ஐம்பது அறுபது கத்தோலிக்கக் குடும்பங்கள். எல்லாருக்கும் துண்டு துக்காணி நிலம் உண்டு, அதை மட்டும் வைத்துப் பிழைக்க யாராலும் முடியாது. அதனால் ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். அல்போன்சும் பத்தாவது எழுதிய கையோடு, பதினாறு வயதில் போனான். சென்டரிங் வேலை. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகை அடித்து முட்டுக் கொடுக்க வேண்டும், கான்கிரீட் இறுகிய பிறகு அதைப் பிரித்தெடுக்க வேண்டும். பிரிக்கும்போது தலைக்கு மேலே எது கழன்று விழும் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மாதத்துக்கு ஒரு முறை சனிக்கிழமை சாயங்காலம் வருவான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கோயில் வளைவுக்கு எதிரே மேஸ்திரி சின்னராஜின் வேன் வந்து நிற்கும். ஏறிப் போய்விடுவான். இப்படி இருபத்தேழு வருஷம் போனது. அவனுக்குக் கல்யாணம் ஆனது, செலின் பிறந்தாள், அவளுக்குப் பன்னிரண்டு வயதும் ஆகிவிட்டது. எல்லாமே இரண்டு வேன்களுக்கு நடுவிலேதான் நடந்தது.

போன செப்டம்பரில் மாதா பிறந்த நாள் திருவிழாவுக்கு நாலு நாள் விடுப்பில் வந்தான். தேர் சுற்றி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. இவன் பையை எடுக்காமல் வெறுங்கையோடு போய், "நீங்க போங்க சின்னராஜ். நான் வர்ல" என்றான்.

"எப்ப வருவே?"

"தெரியலைங்க."

அவ்வளவுதான். திரும்பி வீட்டுக்கு வந்து, கயிற்றுக் கட்டிலை வேப்பமரத்தடியில் இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டான்.

ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. காலையில் செலினுக்குத் தலை பின்னிவிடுவான். கோணல் மாணலாகத்தான் பின்னுவான், அவளும் அதோடு பள்ளிக்கூடம் வருவாள். களி கிண்டுவான். அவன் மனைவி ஜோஸ்பின் பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் பழம் தரம் பிரிக்கப் போகிறவள், அவளுக்குத் தூக்குப் போசியில் சோறு கட்டிக் கொடுப்பான். மத்தியானம் தூங்குவான். சாயங்காலம் பக்கத்துக் கரட்டு மேட்டுக்குப் போய் சீத்தாப்பழம் பறித்து வந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பான். அரை ஏக்கரில் அவரை போட்டிருந்தான். அதில் களை எடுப்பதும் ஏதோ அவசரமே இல்லாத மாதிரிதான்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? யாருக்கும் இல்லை. ஜோஸ்பினுக்கே இல்லை. "இருக்கட்டும் வுடுங்க அண்ணி, வூட்ல ஆளு இருக்கறது நல்லாத்தான் இருக்குது" என்று என்னிடமே சொன்னாள். நாத்தனாரான எனக்கு இது போதவில்லை. பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு ஆம்பிளை, கல்லு மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் கட்டிலில் கிடக்கிறானே என்று எனக்கு மானம் போனது. ஆசிரியர் அறையில் யாராவது "உங்க தம்பி ஊர்லயா இருக்காரு?" என்று கேட்டால், கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

நேரே போய்க் கேட்டேன். "என்னடா ஆச்சு உனக்கு? அங்க யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லக்கா."

"அடிகிடி பட்டுச்சா?"

"இல்லக்கா. ஒண்ணுமில்ல. பாப்பா தூங்கி எழுந்திரிக்கறத நான் நிதானமா பாத்ததே இல்ல. இப்பதான் பாக்கறேன். கண்ணத் தொறந்து கொஞ்ச நேரம் யார் வூட்ல இருக்கறோம்னே தெரியாத மாதிரி முழிக்கறா." சொல்லிவிட்டுச் சிரித்தான். "பாத்துட்டே இருக்கலாம்க்கா."

எனக்கு அப்போது இது காரணமாகவே படவில்லை. ஏதோ நோய் இருக்கிறது, மறைக்கிறான் என்று முடிவு கட்டினேன். தர்மபுரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுக்க வைத்தேன். டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவருக்கு ஒரு குறையும் இல்லீங்க" என்றார். எனக்கு வந்தது நிம்மதி இல்லை, ஏமாற்றம். இதை எழுதும்போது கை கூசுகிறது. கூடப் பிறந்தவனுக்கு நுரையீரலில் ஒரு புள்ளியாவது இருந்திருக்கக் கூடாதா, ஊருக்கு ஒரு பதில் சொல்லியிருக்கலாமே என்று நினைத்த பாவி நான். ஏழை வீட்டு ஆம்பிளை உட்கார வேண்டும் என்றால் ஒன்று கால் உடைய வேண்டும், இல்லையென்றால் நெஞ்சு அடைக்க வேண்டும். சும்மா உட்கார அவனுக்கு உரிமை இல்லை. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

அந்த எரிச்சலோடுதான் மறுநாள் வகுப்புக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்பில் தினமும் கரும்பலகையின் மூலையில் 'இன்றைய சொல்' என்று ஓர் ஆங்கிலச் சொல் எழுதுவேன். அன்றைக்கு எழுதியது லோட்டஸ் ஈட்டர். தாமரை தின்பவர். கதையையும் சொன்னேன். கிரேக்கப் போர்வீரர்கள் சண்டை முடிந்து கப்பலில் ஊருக்குத் திரும்பும்போது ஒரு கரையில் இறங்குகிறார்கள். அங்கே இருக்கிற மக்கள் ஒரு கனியைக் கொடுக்கிறார்கள். தின்றவர்களுக்கு வீட்டு நினைப்பே அற்றுப்போகிறது, அங்கேயே கிடக்கிறார்கள். அதனால்தான் வேலை வெட்டி இல்லாமல் சுகமாகப் பொழுதைக் கழிப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் இந்தப் பெயர் வந்தது என்று விளக்கினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். பெஞ்சின் மேல் கை ஊன்றி, "வாக்கியத்தில் அமைத்துக் காட்டுங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி.

அமைத்தேன். மை பிரதர் இஸ் எ லோட்டஸ் ஈட்டர்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தண்டச்சோறு என்று சொல்லியிருந்தால்கூட இரண்டு நாளில் மறந்திருப்பார்கள். ஊரில் பத்துப் பேருக்கு அந்தப் பட்டம் உண்டு. இது டீச்சர் சொன்ன ஆங்கிலம். மரியாதையாக, கழற்ற முடியாமல் ஒட்டிக்கொண்டது. மறுநாளே பிள்ளைகள் "லோட்டஸ் மாமா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனும் "வாங்கடா" என்று சீத்தாப்பழம் கொடுத்தான். பிறகு டீக்கடையில் சொன்னார்கள். பிறகு பெங்களூரிலிருந்து சின்னராஜ் போனில் "என்னப்பா லோட்டசு, பூ பூத்துச்சா இல்லையா?" என்று கேட்டாராம். செலினைப் பள்ளிக்கூடத்தில் லோட்டஸ் மகள் என்றார்கள். அவள் வீட்டுக்கு வந்து அழுதாள் என்று ஜோஸ்பின் சொன்னபோதும் எனக்குக் கோபம் தம்பி மேல்தான் வந்தது. இவன் வேலைக்குப் போயிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காதே என்று நினைத்தேன். எப்படிப்பட்ட புத்தி பாருங்கள்!

அக்டோபர் வந்தது. அது எங்களுக்கு ஜெபமாலை மாதம். தினமும் சாயங்காலம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம், கடைசியில் மன்றாட்டு இருக்கும், அப்புறம் சுண்டல். மன்றாட்டு என்றால், மழைக்காக, நோயாளிகளுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக என்று ஒவ்வொன்றாக ஒருவர் வாசிப்பார், எல்லாரும் சேர்ந்து 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்போம். எழுதிக் கொடுப்பது எப்போதும் நான்தான். துண்டுத் துண்டாகத் தாளில் எழுதிவிடுவேன். எங்கள் பகுதிக்குத் தலைவி மதலேனம்மாள் அந்தத் துண்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். பின்னால் சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் ஆம்பிளைகள் கையில் வேண்டுமென்றே திணிப்பார், அவர்களும் வாய் திறக்கட்டும் என்று.

பதினாறாம் தேதி, வியாழக்கிழமை, அல்போன்ஸ் வீட்டு முறை. ஐந்து துண்டு எழுதினேன். நாலு வழக்கமானது. ஐந்தாவதை நானே வாசிப்பதாகத்தான் வைத்திருந்தேன். உட்காரும்போது பழக்க தோஷத்தில் ஐந்தையும் சேர்த்தே மதலேனம்மாளிடம் கொடுத்துவிட்டேன். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் ஓர் எழுத்தும் தெரியாது. அன்றைக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை.

ஜெபமாலை முடிந்தது. சுண்டல் சட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கதவோரம் நின்றான் அல்போன்ஸ். "நீயும் ஒண்ணு படிப்பா, உங்க வூட்டு ஜெபந்தான" என்று மதலேனம்மாள் கடைசித் துண்டை அவன் கையில் கொடுத்தார். அது ஐந்தாவது துண்டு. எழுந்து பிடுங்கியிருக்கலாம். முப்பது பேர் மண்டி போட்டிருக்கிறார்கள், எப்படி எழுவது என்று பார்த்தேன். அந்த நேரத்திலும் எனக்கு மரியாதைதான் பெரிதாகத் தெரிந்தது.

அவன் வாசித்தான். பத்தாவது படித்தவன், நிறுத்தி நிதானமாக வாசிப்பான்.

"இந்த இல்லத்தின் தலைவர் அல்போன்ஸ், சோம்பலை விட்டொழித்து, குடும்பப் பொறுப்பை உணர்ந்து, மீண்டும் உழைப்பின் பாதைக்குத் திரும்பும் வரத்தை அருள வேண்டுமென்று..."

தன் பெயர் வந்த இடத்தில் ஒரு நொடி நின்றான். பிறகு மேலே போனான். ஒரு சொல் விடவில்லை.

"...ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

முப்பது பேரும் பழக்கத்தில் சொன்னார்கள். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." அவனும் கூடவே சொன்னான். அவன் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. ஜோஸ்பின் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

அப்புறம் அவன் எல்லாருக்கும் வாழையிலைத் துண்டில் சுண்டல் வைத்துக் கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். "உப்பு சரியா இருக்குதாக்கா?" என்று கேட்டான்.

சனிக்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறித் தர்மபுரி நூலகத்துக்குப் போனேன். நான் வகுப்பில் சொன்னது சிறுவர்களுக்கான சுருக்கக் கதை. முழுக் கதையில் என்னதான் இருக்கிறது என்று தேடி எடுத்து உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலில், அது நம் தாமரையே இல்லை. தேன் மாதிரி இனிக்கும் ஏதோ ஒரு கனி. நம் இலந்தைக்கு உறவாக இருக்கலாம் என்று அடிக்குறிப்பு சொன்னது. போகட்டும். அந்தக் கரையில் இருந்தவர்கள் யாரையும் கொல்லவில்லை, கொள்ளையடிக்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் வந்தார்கள், தாங்கள் தின்பதை எடுத்துக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். பத்து வருஷம் எவனுடைய சண்டைக்கோ செத்துச் செத்துப் பிழைத்த மூன்று பேர், அதைத் தின்றுவிட்டு "நாங்கள் வரவில்லை" என்றார்கள். தலைவன் என்ன செய்தான்? அழ அழ அவர்களை இழுத்துவந்து, துடுப்புப் பலகைக்கு அடியில் கட்டிப்போட்டான். மற்றவர்களைச் சீக்கிரம் ஏறச் சொல்லிக் கப்பலை எடுத்தான். அவன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு அவன் மேஸ்திரி. துடுப்புப் போட ஆள் குறையக் கூடாது, அதுதான் அவன் கவலை.

வீட்டுக்குத்தானே கூட்டிப்போனான் என்பீர்கள். மேலே படியுங்கள். வீடு போய்ச் சேர்ந்தது அவன் ஒருவன்தான். கட்டி இழுத்துப் போனவர்களில் ஒருவன்கூடத் தன் வாசற்படியை மிதிக்கவில்லை, வழியிலேயே செத்தார்கள். இவனோ இடையில் ஒரு தீவில் ஒருத்தியோடு ஒரு வருஷம், இன்னொரு தீவில் இன்னொருத்தியோடு ஏழு வருஷம் இருந்தான். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. இந்தக் கரையின் கதையை நமக்குச் சொல்வது யார்? அதுவும் அவனேதான். ஒரு ராஜா வீட்டில், வயிறு முட்டத் தின்று, ஒயின் குடித்துக்கொண்டு சொல்கிறான். அங்கிருந்து கிளம்பிய பெயரைப் பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் எடுத்து, சுகவாசிகளுக்கும் சோம்பேறிகளுக்கும் வைத்தார்கள். அவர்களிடமிருந்து நான் எடுத்து என் தம்பிக்கு வைத்தேன்.

யாருக்கு வைத்தேன் பாருங்கள்! பெங்களூரில் அவன் பலகை அடித்த அடுக்குமாடிகளில் நீச்சல் குளமும், பக்கத்தில் சாய்ந்து படுக்க நீள நாற்காலியும் உண்டு. 'நிம்மதியான வாழ்க்கை' என்று பலகை வைத்து அதை விற்கிறார்கள். அந்த நாற்காலியில் படுப்பவனுக்கு அது ஓய்வு. அதைக் கட்டியவன் வேப்பமரத்தடியில் படுத்தால் அது நோய், இல்லையென்றால் பாவம், ஜெபம் பண்ணித் தீர்க்க வேண்டும். அதோடு, கதையில் அந்தக் கனியைத் தின்றவன் வீட்டை மறந்தான். என் தம்பி எதை மறந்தான்? வீட்டை நினைத்துக்கொண்டுதானே வந்து உட்கார்ந்தான்! எத்தனை வருஷம் இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன், இந்த வித்தியாசம்கூட என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அல்போன்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மூன்றே முக்காலுக்குக் கோயில் வளைவுக்கு ஓடினேன். சின்னராஜின் வேன் நின்றிருந்தது. அல்போன்ஸ் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றான். செலின் அவன் கையைப் பிடித்திருந்தாள். கொஞ்சம் தள்ளி ஜோஸ்பின் நின்றாள்.

"எங்கடா கெளம்பிட்டே? போவாத. வூட்டுக்கு வா" என்று பையைப் பிடித்து இழுத்தேன்.

சின்னராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. "டீச்சர், போன வாரம் நீங்கதான போன் பண்ணி, எப்படியாவது அவன ஏத்திக்கிட்டுப் போங்கன்னீங்க?"

அதுவும் உண்மைதான். "இப்ப சொல்றேன், அவன் வர மாட்டான். நீங்க வண்டிய எடுங்க" என்று கத்தினேன். வேனில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வுடுக்கா" என்றான் அல்போன்ஸ், மெதுவாக. "ஆண்டவர்கிட்ட கேட்டாச்சு."

"அது நான் எழுதுனதுடா! என் கொழுப்புல எழுதுனது! ஆண்டவருக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்?"

"நீ எழுதுனக்கா. படிச்சது நானு." அவன் முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "எங்க வூட்ல, எல்லாரும் முட்டி போட்டிருக்க, என் வாயால கேட்டுட்டேன். கேட்டுட்டு, மறுபடி போயிக் கட்டில்ல படுத்தா, ஆண்டவர ஏமாத்தற மாதிரி ஆவாதா?"

நான் என்னென்னவோ சொன்னேன். பங்குச் சாமியாரைக் கூட்டி வருகிறேன், அவரே சொல்லட்டும் என்றேன். அவன் காலைக்கூடத் தொடப் போனேன், விலகிக்கொண்டான். கதையில் அந்த ஆட்களை அழ அழ இழுத்துப்போய்க் கட்ட வேண்டியிருந்தது. என் தம்பியைக் கட்டக்கூட வேண்டியதில்லை. செலின் தலையைத் தடவிவிட்டு, கோணலாக இருந்த பின்னலை ஒரு முறை சரிசெய்து பார்த்துவிட்டு, தானே ஏறி, பின் இருக்கையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டான். சின்னராஜ் கதவைச் சாத்தினார். வேன் போய்விட்டது.

செலின் வீட்டைப் பார்த்து ஓடினாள். நான் வளைவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜோஸ்பின் என் பக்கத்தில் வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன். அவரு உங்க வூட்டுச் சோத்தையா தின்னாரு?"

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மகள் போன பக்கம் நடந்தாள்.